தங்கிய நாள்

எழுபதுகளில் எங்கள் ஊரில் பிறந்த பலருக்குப் பிறந்த நாளே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த நாள். ஆனால் அவர்கள் தாய் வயிற்றில் தங்கிய நாளைத் தெரிந்துவைத்திருந்த ஒருவர் திருவண்ணாமலையில் இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இருந்த காலத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நாளம்மா வீடு' என்றால் ஜட்காக்காரர்கூட வேறு கேள்வி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், யாரோ ஒரு புண்ணியவானின் தருமத்தில் நடந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. எட்டுக் கட்டில்கள். இன்று அந்த இடத்தில் பாத்திரக் கடை இருக்கிறது. டாக்டரம்மா வாரத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நர்ஸான நாளம்மாவின் ராஜ்ஜியம்தான். நான் முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து, வரும் பெண்களுக்குக் கார்டு எழுதுகிறவள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு அப்போது இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

அவர் குள்ளம். நடை மட்டும் வேகம். கைக்கடிகாரத்தின் முகத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். சுவரில் தொங்கும் தினக் காலண்டரில் தாளைக் கிழிக்க விடமாட்டார். போன நாளை மேலே மடித்து ரப்பர் பேண்டு போட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் தெரியாமல் ஒரு தாளைக் கிழித்துவிட்டேன். "நாளைக் கிழிச்சுப் போட்டா அப்புறம் நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று அதைக் குப்பையிலிருந்து எடுத்துப் பசை தடவி ஒட்டிவைத்தார்.

"கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கின?" இதுதான் அவருடைய முதல் கேள்வி. மாதவிலக்கு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. விலக்கான நான்காம் நாள் தலைக்குக் குளிப்பதை வைத்தே அவர் அதைச் சொல்வார். வருகிற பெண்களும் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். கிராமத்துப் பெண்களுக்குத் தேதி தெரியாது. அவருக்கும் தேதி வேண்டாம். மல்லாட்டை பிடுங்குவதற்கு முன்னாலா, பின்னாலா? எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். ஆடிக் கிருத்திகைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? உன் நாத்தனார் வந்து போனாளே, அதற்கு எத்தனை நாள் கழித்து? இப்படி நெருக்கி நெருக்கி ஒரு நாளில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பிறகு கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடும். ஓடி முடித்ததும் இரண்டு நாள் சொல்வார். ஒன்று பிரசவ நாள். மற்றது, கரு தங்கிய நாள். இரண்டாவதை யாரும் கேட்டதில்லை. அவராகவே சொல்லி, கார்டின் ஓரத்தில் என்னை எழுத வைப்பார்.

தங்கிய நாளைச் சொல்லும்போது அவருக்கு வாய் சும்மா இருக்காது. மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊரில் சாமிக்கும் அம்மனுக்கும் வீதியிலேயே சண்டை வரும், மறுநாள் சமாதானமாகும். அதற்குத் திருவூடல் என்று பெயர். ஒரு பெண்ணிடம், "திருவூடலுக்கு மறுநாள் தங்கியிருக்கு. சாமி சண்டை தீர்ந்த அன்னிக்கே உன் சண்டையும் தீர்ந்துபோச்சா?" என்றார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பில், காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வலியோடு வந்தவள்கூடச் சிரித்தாள்.

டாக்டரம்மாவிடம் அட்டையில் செய்த ஒரு சக்கரம் இருந்தது. சுற்றினால் பிரசவ நாள் காட்டும். ஆரம்பத்தில் நாளம்மா சொன்னதைச் சக்கரத்தில் சரிபார்ப்பார். பிறகு சக்கரத்தை நாளம்மாவிடம் சரிபார்க்க ஆரம்பித்தார். பிறகு அது மேசை டிராயரிலேயே கிடந்தது. நாளம்மாவுக்குப் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. அந்தக் கணக்கைத் தனக்கென்று ஒருமுறைகூட அவர் போட்டதில்லை.

ஒருநாள் வசதியான வீட்டு அம்மாள் ஒருவர் தட்டு நிறையப் பழத்தோடு வந்தார். மகளுக்குத் தை மாதக் கல்யாணம். குழந்தை அதற்குக் கொஞ்சம் முன்பே தங்கியிருந்தது. கார்டில் மூன்று வாரம் தள்ளி எழுதிக் கொடுத்தால் போதும், மாப்பிள்ளை வீட்டில் கார்டைப் பார்ப்பார்கள் என்றார். நாளம்மா தட்டைத் தொடவில்லை. "வாய வேணும்னா மூடிக்கிறேங்க. நாளை மாத்த மாட்டேன்" என்றார். சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டே போனார். எனக்கு அன்று நாளம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. வீட்டில் போய் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அதற்கடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் அந்தப் பெண் வந்தாள்.

பத்தொன்பது வயது இருக்கும். புருஷன் பட்டாளத்தில். அவள் வாழ்க்கைப்பட்டது அடி அண்ணாமலையில், அம்மா வீடு டவுனிலேயே. கார்த்திகை தீபத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், மலை சுற்றும்போது மழையில் நனைந்து ஜுரத்தில் விழுந்தாள். ஜுரம் விட்டதும் வாந்தி தொடங்கிவிட்டது. சேதி கேட்டு மாமியார் ஓடிவந்து, பொங்கலுக்குள் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்று அவளை நேராக எங்களிடம் கூட்டிவந்திருந்தார். அந்த மாமியாரின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். வரும் வழியில் வாங்கிய மல்லிகைச் சரத்தை மருமகள் தலையில் தன் கையாலேயே வைத்துவிட்டார்.

அன்று கூட்டம் ஜாஸ்தி. தீபத்துக்கு வந்தவள் என்று மாமியார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நாளம்மா அவசரத்தில் கேள்வியைச் சுருக்கினார்.

"தீபத்தன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கினயா?"

"ஊத்திக்கினேங்க."

"அதுக்கப்புறம்?"

"இல்லீங்க. அம்மா ஊத்தவே விடல."

'இல்லீங்க' என்றதுமே நாளம்மாவின் கட்டைவிரல் கணுக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. நான் 'தீபம்' என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தேன்.

மறைப்புக்குப் பின்னால் அவளைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "நாளுக்கு வயிறு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. ரெட்டையோ என்னவோ, எழுதிக்கோ" என்றார். நான் 'இரட்டை?' என்று எழுதினேன். அந்தப் பெண் உள்ளே புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மலைமேல் ஏற்றும் தீபம் பதினோரு நாள் எரியும். அது குளிர்ந்தால் அணைந்தது என்று சொல்ல மாட்டோம், மலையேறியது என்போம். எந்த விளக்குக்கும் அப்படித்தான். நாளம்மா விரல்விட்டு முடித்து மாமியாரைப் பார்த்துச் சிரித்தார்.

"மேல தீபம் மலையேறின அன்னிக்குக் கீழ உன் மருமவளுக்குத் தங்கிடுச்சு. ஆவணி பாதியில பேரனைத் தூக்கிக்கோ."

"தீபத்துக்கு அப்புறமாங்க?" என்றார் மாமியார்.

"அப்புறந்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க நர்ஸம்மா. தீபத்துக்கு அப்புறமா?"

"என் நாள் தப்பாதும்மா" என்றபடியே அவர் வார்டுக்குள் போய்விட்டார்.

அந்த வருஷம் தீபாவளிக்கும் தீபத்துக்கும் நடுவில் இரண்டே வாரம். மாமியார் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், "எம் புள்ள தீபாவளிக்கு மூணாம் நாளே காட்பாடிக்கு ரயிலேறிட்டானே" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். அடுத்த கார்டை எடுத்தேன்.

அவள் மறுபடி சித்திரையில் வந்தாள், தனியாக. வயிறு நன்றாகத் தெரிந்தது. பொங்கலுக்கு முன்பே மாமியார் அவளை அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். ஏன் என்று கேட்டபோது கார்டைக் கையில் திணித்தாராம். புருஷனிடமிருந்து ஒரே ஒரு கடிதம், அதுவும் அவள் அப்பாவுக்கு. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் சொல்லவில்லை. கார்டு கசங்கி, ஓரமெல்லாம் நைந்திருந்தது.

"இத மாத்திக் குடுங்கம்மா. அவரு தீபாவளிக்கே போயிட்டாரு. நீங்க தீபத்துக்கு அப்புறம்னு எழுதிட்டீங்க."

நாளம்மா அவளை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கோபமே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆறவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள், உண்மை எப்படியாவது வெளியே வந்திருக்கும். நாளம்மா அவளை ஒரு தப்புச் செய்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சாமி மேல ஆணையாச் சொல்லு. தீபத்தன்னிக்குத் தலைக்கு ஊத்திக்கினயா, இல்லியா?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஊத்திக்கினேங்க."

"அப்ப நாள் அதான் கண்ணு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நாளை மட்டும் மாத்தச் சொல்லாத."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, இது உங்க கையெழுத்துதானே. நீங்களாவது எழுதிக் குடுங்க" என்றாள். நாளம்மா சொன்னால்தான் எழுத முடியும் என்றேன். நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தச் சரியைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷம் அழுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலை அவளுக்கு வலி எடுத்து, அவள் அம்மா கூட்டிவந்தார். எங்கள் கார்டுப்படி இன்னும் நாலு வாரம் இருந்தது. பத்து மணிக்குள் சுகப்பிரசவம். பெண் குழந்தை, ஒற்றைக் குழந்தை. தராசில் ஏழு பவுண்டு. நாளம்மா குழந்தையைத் துடைத்தார். அதன் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். நகம் விரல் நுனியைத் தாண்டி வளர்ந்திருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் முழுக்க ரேகை ஓடியிருந்தது. குறைமாதத்துக் குழந்தைக்கு அப்படி இருக்காது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தீபத்தன்னிக்கு எதுக்கு ஊத்திக்கின?"

அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. "தீபம் பாக்கத்தான். வீட்ல எல்லாருமே ஊத்திக்கினோம்" என்றாள்.

"விலக்குக்கு இல்லியா?"

"வீட்டுக்குத் தூரமாங்க? அது தீபாவளிக்கு முன்னாடியே. அவரு இருக்கும்போதே."

அவள் வீட்டில் அதற்குச் சொல் 'தூரம்'. தலைக்கு ஊற்றிக்கொள்வது என்றால் அவளுக்குச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பது, அவ்வளவுதான். தீபத்தன்று காலையில் நானும்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். நாளம்மாவும் ஊற்றிக்கொண்டிருப்பார். ஊரே ஊற்றிக்கொண்டது. அதன் பிறகு ஜுரமும் வாந்தியுமாகக் கிடந்தவளுக்கு மார்கழிக் குளிரில் அவள் அம்மா தலையில் தண்ணீர் படவிடவில்லை.

நாளம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கு இவ வேற என்னா சொன்னா?"

"அம்மா ஊத்தவே விடலன்னு சொன்னா."

"உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

விலக்கை எந்த அம்மாவால் தடுக்க முடியும்? ஒரு நொடி பேனாவை நிறுத்தியிருந்தால் எனக்கே தோன்றியிருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கித் தாயின் பக்கத்தில் படுக்கவைத்தார். பிறகு கார்டை எடுத்துவரச் சொல்லி, என் எழுத்தை அடித்துவிட்டு, தன் கோணல்மாணல் எழுத்தில் 'ஐப்பசி' என்று எழுதினார். அவர் ஒரு நாளை மாற்றி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். விதைப்புக்காக மாமியார் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பாய் எடுத்துப் போட்டார், மோர் கொடுத்தார். நாளம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லைத் தான் தப்பாக எடுத்துக்கொண்டதை, வயிறு பெரிதாக இருந்தும் கையை நம்பாமல் கணக்கை நம்பியதை, எல்லாவற்றையும். சொல்லிவிட்டுக் கார்டை அவர் முன்னால் வைத்தார். மாமியார் அதைத் தொடவில்லை.

"அன்னிக்கு ரெண்டு வாட்டி கேட்டேன். என் நாள் தப்பாதுன்னீங்க. இன்னிக்கு வேற நாள் சொல்றீங்க. அந்தப் பொண்ணு மேல பாவப்பட்டுச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"நான் பொய் சொன்னதே இல்லம்மா."

"அதத்தான் நானும் சொல்றேன். அன்னிக்கும் பொய் சொல்லியிருக்க மாட்டீங்க."

உடைத்த பருப்பை முறத்தில் தள்ளினார். மகனுக்கு வைகாசியிலேயே வேறு பெண் பேசி முடித்துவிட்டதாகவும், லீவில் வந்ததும் கல்யாணம் என்றும் சொன்னார். பேத்தி யார் சாயலில் இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நாங்கள் எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் வாசல்வரை வந்து மரியாதையாகத்தான் வழியனுப்பினார்.

மலை சுற்றும் பாதையிலேயே நடந்து திரும்பினோம். அவருடைய கட்டைவிரல் அசையவில்லை. வழியெல்லாம் அவர் ஏதாவது சொல்வார், என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டே வந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தங்கிய நாளை அவர் யாருக்கும் சொல்லவில்லை. கேலியும் நின்றுவிட்டது. வருகிற பெண்களிடம், "எந்த ஊத்தல்? தூரமா, சும்மாவா?" என்று ஆரம்பித்து ஒன்பது கேள்வி கேட்பார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இவ வேற என்னா சொன்னா?" என்பார். நான் ஒரு சொல் விடாமல் ஒப்பிக்க வேண்டும். எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை தங்கியபோது, எனக்காவது சொல்லுங்கள் என்று கேட்டேன். டிராயரைத் திறந்து, ஓரம் மடங்கிய அட்டைச் சக்கரத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். வயிற்றுக்குள் படம் பிடித்து நாள் சொல்லும் மெஷின் வேலூரில் வந்துவிட்டது என்று டாக்டரம்மா ஒருநாள் சொன்னார்.

"அது யாரையும் கேள்வி கேக்காதில்ல?" என்றார் நாளம்மா.

"கேக்காது."

"நல்லது" என்றார்.

அந்தப் பெண் திரும்பவும் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை. அரிசி மில்லில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு தீபத்தன்று சாயங்காலம் பெரிய தெருக் கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். ஈரம் காயாத தலை, கையைப் பிடித்தபடி அந்தப் பெண் குழந்தை. அதன் தலையும் ஈரம். குழந்தையின் முகம் அப்படியே அடி அண்ணாமலை மாமியாரின் முகம். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். மலை உச்சியில் தீபம் தெரிந்து கூட்டம் அரோகரா என்றபோது, என்னையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் முகத்தைக் கையால் மெல்ல மலைப்பக்கம் திருப்பினாள்.

நாளம்மாவைக் கடைசியாகப் பார்த்தது வேங்கிக்காலில், அவருடைய தங்கை மகன் கட்டிய புது வீட்டில். எண்பதுகளின் முடிவு. நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. தங்கை மகனையே யார் என்று கேட்டார். என்னை மட்டும் தெரிந்தது. கட்டிலில் தன் பக்கத்தில் உட்காரவைத்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, முடி ஈரமாக இருந்தது.

"தலைக்கு ஊத்திக்கினயா?"

"ஊத்திக்கினேம்மா."

"எந்த ஊத்தல்?"

"சும்மாதாம்மா. வெள்ளிக்கிழமைக்கு."

அவருடைய கட்டைவிரல் சுட்டுவிரல் கணுவுக்குப் போய், அங்கேயே நின்றது. அடுத்த கணுவுக்கு நகரவில்லை. அதையே பார்த்தபடி, ஆஸ்பத்திரியில் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

"அவ வேற என்னா சொன்னா?"

எவள் என்று நான் கேட்கவில்லை.

"அம்மா ஊத்தவே விடலன்னு சொன்னாம்மா."

"எழுதிக்கோ" என்றார்.

அன்று என் கையில் பேனா இல்லை.